பூட்டிக் கிடக்கும் பட்டறை: ஒரு கிராமத்துக் கொல்லரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

பதிவு 1 | நெடுவழி

வணக்கம். 50 ஆண்டுகளுக்கு மேல் ஒரே பட்டறையில் வேலை செய்த ஒரு கொல்லர் மறைந்துவிட்டார். மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் படிக்கும்படி அவர் வாழ்க்கையை 40 பக்க அளவில் ஒரு சிறு நூலாக எழுதி வைக்க வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். இருப்பவை: பூட்டிய பட்டறை, கரி படிந்த மூன்று கணக்கு நோட்டுகள், ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்கள், இரண்டு கேசட், அவருடைய கைபேசி. பட்டறையைச் சீக்கிரம் காலி செய்தாக வேண்டும்.

யாரைக் கேட்டாலும் "கடும் உழைப்பாளி, நல்ல மனுஷர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்கிறார்கள். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. எங்கே தொடங்குவது?

பதிவு 2 | உலைமுகம்

பட்டறையில் தொடங்குங்க. கருவிகள் இருந்த இடத்தை விட்டு நகர்ந்தவுடனே பாதித் தகவல் போயிடும். "முதல்ல கூட்டிப் பெருக்கிட்டு அப்புறம் படம் எடுக்கலாம்"னு யாராவது சொன்னா சாவியைக் கொடுக்காதீங்க.

முதல் நாள் எதையும் தொடாமல் படம் மட்டும். வாசலில் நின்று ஒன்று, நான்கு மூலைகளிலிருந்து நான்கு, ஒவ்வொரு சுவரையும் நேராக ஒன்று, தரையை மேலிருந்து சில. பிறகு கட்டம் போட்ட தாளில் ஒரு வரைபடம்: உலை, துருத்தி அல்லது ஊதுவிசிறி, பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்), தண்ணீர்த் தொட்டி, வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கருவி), குறடு (சூடான இரும்பைப் பிடிக்கும் இடுக்கி) மாட்டும் சட்டம், ஜன்னல். ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று அளவு நாடாவால் அளந்து எழுதுங்க. உலைக்கும் பட்டடைக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு திரும்பலும் ஓர் அடியும்தான் இருக்கும். மெல்லிய கம்பி சில நொடியிலேயே சிவப்பு இழந்துவிடும், அதனால் நடக்க நேரம் கிடையாது. உலை இருட்டு மூலையில் இருந்தால் அது இடநெருக்கடியால் அல்ல. சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், வெயில் விழுந்தால் நிறம் தெரியாது. அவர் நாள் முழுக்க எங்கே நின்றார், எந்தக் கையால் எதை எடுத்தார் என்பதெல்லாம் இந்த ஒரு வரைபடத்தில் வந்துவிடும்.

சுவரையும் கதவின் உட்புறத்தையும் கவனமாகப் பாருங்க. சாக்பீஸில் எழுதிய அளவுகள், பெயர்கள், பாக்கி, போன் நம்பர் எல்லாம் அங்கேதான் இருக்கும். டார்ச்சைச் சுவருக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

இன்னொன்று. ஆணியில் மாட்டிய தகரத் துண்டுகள், அட்டைகள், வளைந்த கம்பிகள். பார்க்கக் குப்பை. காலி செய்கிறவர்கள் முதலில் தூக்கி எறிவது இதைத்தான். அவை அச்சுத் தகடுகள்: இந்த அரிவாளுக்கு இந்த வளைவு, இந்தக் கதவுக்கு இந்தக் கீல் என்று வெட்டி வைத்த மாதிரிகள். சுத்தியல் கடையில் கிடைக்கும், இது எங்கேயும் கிடைக்காது.

ஒட்டும் லேபிள் வேண்டாம். நூலில் கட்டிய அட்டை போதும். வடக்குச் சுவர் என்றால் வ-1, வ-2 என்று பென்சிலால் எண் போட்டு, அதே எண்ணைப் படத்திலும் பட்டியலிலும் வையுங்க.

பதிவு 3 | செவிவழி

உலைமுகம் சொன்னதில் வரிசையை மட்டும் மறுக்கிறேன். பட்டறைக்கு இரண்டு பூட்டுப் போட்டால் அது காத்திருக்கும். அவருடைய மனைவியும், கூட நின்று சம்மட்டி அடித்தவரும் எந்த வயதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வயதில் மூத்தவரிடமும் உடல்நலம் குன்றியவரிடமும் இந்த வாரமே உட்காருங்கள். பட்டறைப் படங்கள் அதே வாரம் நடக்கட்டும்.

யாரை என்பதிலும் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. மூத்த மகனிடம் மட்டும் கேட்டு முடித்துவிடுகிறார்கள். சம்மட்டி அடித்தவருக்கு வேலை தெரியும். மனைவிக்கு வரவு செலவும் உடம்பு நிலையும் தெரியும். வாடிக்கையாளருக்கு அவர் பேச்சு தெரியும். கடைசிப் பிள்ளை பார்த்த தகப்பன், மூத்த பிள்ளை பார்த்த தகப்பன் அல்ல. மூத்த பிள்ளை பார்த்தவர் கடன் கட்டிக்கொண்டிருந்த இளைஞர், கடைசிப் பிள்ளை பார்த்தவர் தளர்ந்த மனிதர். நான்கு பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் அதிகம் பேசுகிறவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும்.

"அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "நல்ல மனுஷர்" என்றுதான் பதில் வரும், அது கேள்வியின் குறை. இப்படிக் கேளுங்கள்: காலையில் உலை மூட்டும்போது வெளிச்சம் வந்திருக்குமா? முதல் வேலையாக எதை எடுப்பார்? கரி எதில் வரும், யார் இறக்குவார்கள்? வேலை அதிகமான மாதம் எது, வேலையே இல்லாத மாதத்தில் என்ன செய்வார்? வீட்டுக்கு வந்ததும் எங்கே உட்காருவார்? காசை யாரிடம் கொடுப்பார்? கை சுட்டுக்கொண்டால் என்ன செய்வார்? இவற்றுக்கு "நல்லவர்" என்று பதில் சொல்ல வழியே இல்லை.

கையில் ஒரு பொருளைக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரு குறடு போதும். பிடித்துப் பார்த்த பிறகு வரும் பேச்சே வேறு. ஒரு பதில் முடிந்ததும் பத்து நொடியாவது சும்மா இருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகு வரும்.

ஆண்டு கேட்காதீர்கள். எந்த வயதிலும் மனிதர்கள் ஆண்டைத் தவறாகச் சொல்வது உண்டு. நெடுநாளைக்கு முன் நடந்ததைக் கொஞ்சம் அண்மையில் நடந்தது போலச் சொல்வது பொதுவான பிழை. மின்சாரம் வந்ததற்கு முன்பா பின்பா, மூன்றாவது பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்ததா, அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முன்பா என்று கேளுங்கள். அந்த நிகழ்வுகளின் ஆண்டைப் பதிவேட்டிலிருந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: முதியவர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலம் மற்றக் காலத்தைவிட அடர்த்தியாக நினைவில் நிற்கும். எனவே தொழில் கற்ற காலம் தானாக வரும். நடுவயதுதான் காலியாக இருக்கும், அதை நோட்டுகளை வைத்து நிரப்ப வேண்டும்.

ஒலிப்பதிவு: வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக்கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பன்னாட்டு ஒலி-ஒளி ஆவணக் காப்பகச் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்வது இதைத்தான். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி ஆகும். கைபேசியே போதும். ஆனால் ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுகிறவர் வாயிலிருந்து ஒன்றரை முழத்துக்குள் துணி மேல் வையுங்கள். மேசையில் நேராக வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறும். மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர், பதிவுக்கும் அச்சிடவும் அவர் ஒப்புதல், இவை நான்கையும் குரலிலேயே சொல்ல வையுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு அமர்வை ஒரு மணி நேரத்தோடு முடிப்பது இருவருக்கும் நல்லது.

பதிவு 4 | உலைமுகம்

வரிசை விஷயத்தில் செவிவழி சொல்வது சரி. ஒரே வாரத்தில் இரண்டும் நடக்கட்டும்.

இப்போ கருவிகளைப் படிக்கிற விதம். குறடுகளில் தொடங்குங்க, ஏன்னா கொல்லர் பிடிக்கிற இரும்புக்கு ஏற்ற மாதிரி குறட்டைத் தானே செய்துகொள்வார். வட்டக் கம்பிக்கு ஒரு வாய், சதுரத்துக்கு வி வடிவ வாய், பட்டைக்குப் பக்கம் மடித்த வாய். ஒவ்வொரு குறட்டையும் பிடி இரண்டும் ஏறக்குறைய இணையாக நிற்கும்படி பிடிச்சு, வாயின் இடைவெளியை வெர்னியரால் அளங்க. 12 மி.மீ. இடைவெளியில் நாலு குறடு இருந்து, அவற்றின் பிடி மட்டும் பளபளன்னு தேய்ந்திருந்தால், அவர் வயிறு வளர்த்தது 12 மி.மீ. கம்பியில்தான். அப்புறம் நோட்டைத் திறந்து பாருங்க, அந்தக் கம்பியில் செய்கிற பொருள் எதுன்னு தெரிஞ்சுடும்.

பட்டடை. நின்று வேலை செய்தவரானால், கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் முட்டி எந்த உயரத்தில் வருமோ அதுதான் பட்டடை முகத்தின் (மேல்பரப்பின்) உயரம். முட்டி உயரம் ஆள் உயரத்தில் 43, 44 விழுக்காடு இருக்கும். தரையிலிருந்து பட்டடை முகம் 74 செ.மீ. என்றால் ஆள் ஏறத்தாழ 170 செ.மீ. சம்மட்டி அடிக்கென்று தனிப் பட்டடை இருந்தால் அது இதைவிடத் தாழ்ந்திருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடாதீங்க. உட்கார்ந்து வேலை செய்தவருக்கும் இது பொருந்தாது.

முகத்தின் மேல் ஒரு நேரான பட்டையை வைத்து நடுவில் எவ்வளவு குழிந்திருக்குன்னு பாருங்க. பட்டடை நல்லா இருக்கான்னு தெரியணும்னா 25 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு எஃகு பேரிங் குண்டைப் போட்டு, எவ்வளவு எம்புதுன்னு அளங்க. 20 செ.மீ. எம்பினால் நல்ல கடினமான முகம். பாதிகூட வரலைன்னா முகம் பதம் இழந்திருக்கு, இல்லேன்னா ஆரம்பத்திலிருந்தே வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் ஆயுள் முழுக்க அடித்த மனிதரின் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அவசியம் எழுதுங்க. எம்பாத பட்டடை சுத்தியலைத் திருப்பித் தராது, ஒவ்வொரு முறையும் கைதான் தூக்கணும்.

சுத்தியல் பிடியில் கருமையாக மெருகேறிய இடத்தைத் தேடுங்க. கடைசியில் ஒன்று, தலைக்குப் பக்கத்தில் ஒன்று என இரண்டு இடம் இருந்தால் ஒரே சுத்தியலில் பலத்த அடியும் நுண்வேலையும் செய்திருக்கார். தலைக்கு எடை போடுங்க. கைச்சுத்தியல் பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோ, சம்மட்டி 3 முதல் 5 கிலோ. வயது ஏற ஏற இலேசான சுத்தியலுக்கு மாறியிருப்பார். எதன் பிடி கடைசியாக மாற்றியது என்பதில் அது தெரியும்.

பழைய இரும்புக் குவியலை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி படம் எடுங்க. லாரி ஸ்பிரிங் பட்டை எவ்வளவு, பழைய அரம் எவ்வளவு, தண்டவாளத் துண்டு இருக்கா? உடைந்த பழைய துண்டில் மரநார் மாதிரி இழை இழையாகத் தெரிந்தால் அது அடித்து எடுத்த தேனிரும்பு. 1856-இல் பெஸ்ஸமர் முறை வந்த பிறகு மலிவான உருக்கு பரவி, தேனிரும்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோச்சு. அதனால அந்தத் துண்டு அவருக்கும் முந்தைய தலைமுறையோடதாக இருக்க வாய்ப்பு அதிகம். கருவிகளில் மின்வெல்டிங் தடம், கிரைண்டரின் பிறை வடிவக் கீறல் இருந்தால் மின்சாரம் வந்த பிறகு செய்தது அல்லது பழுது பார்த்தது. கருவிகளை இப்படி இரண்டாகப் பிரித்தாலே நூலுக்கு ஒரு காலக்கோடு கிடைச்சுடும்.

கடைசியாக, பழுதுக்கு வந்து திரும்பிப் போகாத பொருட்கள். கந்தல் துணியோ கம்பியோ கட்டிய அரிவாள்கள், வாய் மழுங்கிய கடப்பாரைகள் ஒரு மூலையில் நிற்கும். அவை மற்றவர்களுக்குச் சொந்தம். தனிப் பட்டியல் போட்டு, நோட்டோடு ஒப்பிட்டு, திருப்பிக் கொடுக்கப் பாருங்க. வாங்க வருகிறவர் ஒவ்வொருவரும் உங்களுக்கு ஒரு சாட்சி.

பதிவு 5 | மைக்கூடு

நோட்டுகளுக்கு வருகிறேன். கரி படிந்த பக்கத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், கரி நாருக்குள் இறங்கிவிடும். சாதாரண ரப்பரும் வேண்டாம், அது தேய்த்துப் பரப்பும். மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டால் உதிர்வது உதிரட்டும், மீதி அவருடைய விரல்ரேகை. இருக்கட்டும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்க வழியில்லை. துருப்பிடித்த பின்களை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள்.

இடையில் செருகிய சீட்டுகளை உருவுவதற்கு முன் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று படம் எடுங்கள். மெஷினில் அச்சான ரசீதுகளை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, வெறும் தாளாக வெளுத்துப்போகும்.

நோட்டை 400 டிபிஐயிலும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), சாதாரண அளவுப் புகைப்படத்தை 600 டிபிஐயிலும், தபால்தலை அளவுப் படத்தை 1200 டிபிஐயிலும் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வையுங்கள். புகைப்படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து. பின்னால் பெயர் எழுதுவதானால் 2பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பந்துமுனைப் பேனா முன்பக்கம் புடைக்கும். பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சில் பிடிக்காது, அதற்குத் தனி உறையில் எழுதிப் போடுங்கள். அந்தப் பூச்சுத் தாள் 1960களின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது. நோட்டில் பந்துமுனைப் பேனா எழுத்து இருந்தால் அது 1940களின் பிற்பாதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. தேதி இல்லாதவற்றைப் பிரிக்க இந்த இரண்டும் உதவும்.

பசைத் தாளும் பிளாஸ்டிக் மூடியும் உள்ள ஆல்பத்தில் படங்கள் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். முதலில் ஆல்பத்தோடு அப்படியே ஸ்கேன். பிறகு பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் போல இழுத்து இழுத்துப் பிரியுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நோட்டைப் படிக்க: ஒரே ஒரு முழு ஆண்டைத் தேர்ந்தெடுத்து விரிதாளில் ஏற்றுங்கள். தேதி, பொருள், புதியதா பழுதா, எண்ணிக்கை, ரொக்கமா தானியமா கடனா, தீர்ந்ததா. எந்த மாதம் எத்தனை வேலை என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தின் மூச்சு தெரியும். விதைப்புக்கு முன் ஒரு குவியல், அறுவடைக்கு முன் ஒரு குவியல், நடுவில் வெறுமை. வெறுமையான அந்த மாதங்களில் வீடு எப்படி ஓடியது என்பதுதான் மனைவியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பதிவு 6 | கருக்கு

எல்லாம் சரி, ஆனால் கருவிகளை அருங்காட்சியகப் பொருளாக்கிப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கருவி கையில் இருந்தால்தான் கருவி. அவர் அப்படித்தான் விரும்பியிருப்பார். தொழில் கற்கும் ஓர் இளைஞருக்குக் கொடுப்பதைவிட நல்ல நினைவுச்சின்னம் எது?

பதிவு 7 | மைக்கூடு

கொடுக்கலாம், பதிவு முடிந்த பிறகு. எல்லாவற்றையும் கொடுக்கவும் வேண்டாம். மூன்றாகப் பிரியுங்கள். அவர் கையாலேயே செய்த கருவிகள், அச்சுத் தகடுகள், அதிகம் தேய்ந்த ஒரு சுத்தியல் ஆகியவை குடும்பத்துக்கு. கடையில் வாங்கியவை, இன்னும் உழைக்கக்கூடியவை தொழிலுக்கு. மீதி விற்பனைக்கு. கொடுக்கும் கருவிக்கு யாருடையது, எத்தனை ஆண்டு உழைத்தது என்று ஒரு சிறு தாளும் கூடவே போகட்டும்.

பதிவு 8 | உலைமுகம்

கருக்கு சொல்றதை ஏத்துக்கறேன். பட்டடையைப் பூட்டி வைக்கிறதுல அர்த்தமே இல்லை, யாராவது அடிக்கட்டும்.

வீட்டில் வைக்கிறவற்றைப் பற்றி மட்டும் சில எச்சரிக்கை. கம்பி பிரஷ், எமரித் தாள், கிரைண்டர் மூன்றும் வேண்டாம், தயாரித்தவரின் முத்திரையும் அவர் கொத்திய அடையாளமும் அதோட போயிடும். தொட்டால் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டுவது வளர்கிற துரு, கறுப்பாகக் கெட்டியாக இருப்பது தொந்தரவு செய்யாது. பொடியை மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் எடுத்துட்டு, நுண்படிக மெழுகை (மைக்ரோகிரிஸ்டலைன் வேக்ஸ்) மெலிசாகப் பூசுங்க. முத்திரை தெரியலைன்னா மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்க, கண்ணுக்குத் தெரியாததும் தாளில் வரும்.

மரப்பிடியைச் சீவாதீங்க, வார்னிஷ் அடிக்காதீங்க. அந்தக் கருமை அவர் வியர்வை. ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. பூசினால் அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்கணும், இல்லேன்னா தண்ணீரில் போடணும். பிடியின் ஓட்டைகளிலிருந்து புதுசா மாவு உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்குன்னு அர்த்தம். பாலித்தீன் பையில் இறுக்கக் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்க. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்க. உடனே திறந்தால் இரும்பில் நீர் படியும்.

பதிவு 9 | நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. வரைபடம் முடிந்தது. அச்சுத் தகடுகள் ஒரு சாக்கு நிறையக் கிடைத்தன.

ஒரு சிக்கல். பிள்ளைகள் நால்வருமே தனித்தனியாக ஒன்றையே சொல்கிறார்கள்: "அப்பா வீட்டில் பேசவே மாட்டார், பேசினால் கத்துவார், கோபக்காரர்." ஆனால் வாடிக்கையாளர்களோ அவர் சிரித்துப் பேசுவார் என்கிறார்கள். எதை எழுதுவது?

பதிவு 10 | ஒலியளவு

எழுதுவதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: அவருக்குக் காது எப்போது மந்தமானது?

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பொதுவாக வைக்கப்படும் வரம்பு. பட்டடையில் விழும் சுத்தியல் 100-ஐத் தாண்டும். ஒவ்வொரு அடியும் திடீர் ஒலி என்பதால் காது தன்னைக் காத்துக்கொள்ள நேரமில்லை. பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதனால் அந்த மனிதர் செவிடர் போலத் தோன்ற மாட்டார். ஆழ்ந்த ஆண் குரல் கேட்கும், எதிரில் நின்று உரக்கப் பேசும் வாடிக்கையாளர் குரல் கேட்கும். கேட்காமல் போவது குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும், அதிலும் ச, த, ப போன்ற மெல்லிய ஒலிகள். வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வெறும் இரைச்சலாக இருக்கும். பேசாமல் ஒதுங்குவார். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் பேசினால் உரக்கத்தான் வரும். காதுக்குள் ரீங்காரம் இருந்தால் தூக்கமும் கெடும்.

ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைப்பார், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவாரா, தொலைபேசியை எந்தக் காதில் வைப்பார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில்கள் ஒரே திசையில் போனால், "கோபக்காரர்" என்பதோடு இதையும் எழுதுங்கள். கோபம் இருந்ததா இல்லையா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அவர் கொண்டுவந்த ஒவ்வொரு காசுக்கும் இந்தக் காதும் விலையாகப் போயிருக்கலாம் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கண்ணையும் விசாரியுங்கள். பல ஆண்டுகள் வெள்ளை வெப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அகச்சிவப்புக் கதிரால் கண்புரை சீக்கிரம் வரும். கண்ணாடி ஊதுவோரிடமும் இரும்பு உலைத் தொழிலாளரிடமும் நெடுங்காலமாக அறியப்பட்டது இது.

பதிவு 11 | வரித்தாள்

இனி எழுத்து. 40 பக்கத்தில் பிறப்பிலிருந்து இறப்பு வரை ஆண்டு வரிசையாகப் போனால் முதல் பத்துப் பக்கம் முன்னோர் பெயரிலேயே தீர்ந்துவிடும். பெயரையும் தேதியையும் கடைசியில் ஒரு பக்கத்தில் வையுங்கள். நூலை ஒரு வேலைநாளில் தொடங்குங்கள். நோட்டில் ஒரே நாளில் நிறைய வரவுள்ள தேதியைப் பிடித்து, அன்று செய்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். "உழைப்பாளி" என்று ஓரிடத்திலும் எழுத வேண்டியிருக்காது.

ஒரு வேலையை முழுமையாக, படிக்கிறவர் கண்ணால் பார்ப்பது போல எழுதுங்கள். ஒன்று போதும். உலைமுகம் ஐயா, மாதிரிக்கு ஒன்றை இங்கே எழுதித் தர முடியுமா?

மனைவியின் வேலையைத் தனிப் பத்தியாக்கி ஒதுக்காதீர்கள். துருத்தி இழுத்தது, கரி சலித்தது, வந்தவரை உட்கார வைத்தது, பாக்கி கேட்டது யார் என்று பாருங்கள். பட்டறை அவர்கள் இருவருடையதாக இருந்தால் நூலிலும் இருவருடையதாக இருக்கட்டும். நோட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறதா?

பதிவு 12 | உலைமுகம்

வரித்தாள் கேட்டதால், வெட்டுளிக்கு (இரும்பை வெட்டும் உளி) வாய் தோய்க்கிற வேலை, அதாவது சூடாக்கித் தண்ணீரில் முக்கி முனையைக் கடினமாக்குகிற வேலை. சம்மட்டி அடித்தவரிடம் இதைப் படிச்சுக் காட்டுங்க. எங்கே "இல்லை, அவர் இப்படிச் செய்ய மாட்டார்"னு சொல்றாரோ அங்கே மறைந்த கொல்லருடைய கைப்பக்குவம் இருக்கு. அதைத்தான் நூலில் எழுதணும்.

மழுங்கிய உளியின் முனையை ஆரஞ்சுச் சூட்டில் நீட்டி அடிக்கணும். சிவப்பு மங்கிய பிறகும் அடித்தால் உள்ளே நுண்விரிசல் விழும், அது வேலை செய்யும்போதுதான் உடையும். வடிவம் வந்ததும் கொஞ்சம் ஆறவிட்டு, முனையில் ஐந்தாறு செ.மீ. மட்டும் மறுபடி சூடேற்றணும். செர்ரிச் சிவப்பு வந்ததும் காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டாது. எஃகு 770 டிகிரி பக்கம் காந்தத்தன்மையை இழந்துடும். அதுக்குச் சற்று மேலே நிறுத்தணும். அதைவிட அதிகமா விட்டால் எஃகுக்குள்ளே இருக்கிற நுண்மணிகள் பருத்து, உடைத்த இடம் மணல் மாதிரித் தெரியும், வாய் உதிரும். குறைவா விட்டால் தோய்ச்சல் பிடிக்காது, வாய் மடங்கும்.

பிறகு முனையில் இரண்டு செ.மீ. மட்டும் தண்ணீரில். அசையாமல் பிடிக்கக் கூடாது, மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே இருக்கணும். அசையாமல் பிடித்தால் தண்ணீர் மட்டம் நின்ற கோட்டில் சரியாக வெடிப்பு விழும். சீற்றம் அடங்கியதும் எடுத்து, மணற்கல்லில் ஒரு பக்கத்தைச் சட்டென்று தேய்த்து வெள்ளையாக்கணும். பின்பக்கம் மிச்சமிருக்கிற சூடு முனையை நோக்கி நகரும், தேய்த்த இடத்தில் நிறம் ஓடும். முதலில் வெளிர் வைக்கோல் மஞ்சள், 220 டிகிரி. பிறகு பழுப்பு, 255. ஊதா, 275 பக்கம். அதற்குப் பின் நீலம், 300-ஐ நெருங்கும். வெட்டுளிக்கு ஊதா வாயைத் தொட்டதும் முழுசாகத் தண்ணீரில் போட்டுடணும். மஞ்சளில் போட்டால் சில்லு தெறிக்கும், அது கண்ணுக்கு ஆபத்து. நீலம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

நிறம் ஓடுவது சில நொடிதான். அந்த நொடிகளில் யாரும் அவரிடம் பேசியிருக்க முடியாது. எந்த நிறத்தில் போட்டார், தண்ணீரா எண்ணெயா, தேய்த்தது கல்லா அரமா என்பதைக் கேளுங்க.

பதிவு 13 | நெடுவழி

வரித்தாள் கேட்டது சரிதான். நோட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. பாக்கி வரிசை முழுக்க அந்த இரண்டாவது கையெழுத்து. அம்மாவுடையது என்று மூத்த மகள் சொல்கிறார்.

இரண்டு கேள்விகள் பாக்கி. நோட்டில் பலர் பெயரில் தீராத கடன் இருக்கிறது, அதை அச்சிடலாமா? கேசட்டையும் கைபேசியையும் என்ன செய்வது?

பதிவு 14 | மைக்கூடு

கடன்காரர் பெயரை அச்சிடாதீர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். "ஒரு விவசாயி, இரண்டு கொழு (கலப்பையின் இரும்பு முனை), மூன்று ஆண்டு பாக்கி" என்று எழுதினாலே செய்தி முழுதாக வந்துவிடும். நோட்டின் மூலத்தை மட்டும் குடும்பம் வைத்துக்கொள்ளட்டும். கழித்துக் கோடு போட்ட பாக்கிகளைத் தனியாக எண்ணுங்கள். காசு வந்து தீர்ந்ததா, அவரே விட்டுக்கொடுத்ததா என்பதை அம்மா சொல்லக்கூடும்.

பதிவு 15 | செவிவழி

கேசட்டைப் போட்டுக் கேட்பதற்கு முன், மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் குரல் அழியாது. நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றி இறுக்குங்கள். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்து, வேறொரு வேண்டாத கேசட்டை ஓடவிட்டுப் பாருங்கள். அதை மென்று தின்னவில்லை என்றால் மட்டும் இதைப் போடுங்கள். முதல் முறை ஓடும்போதே கணினியில் பதிவாகட்டும். பழைய நாடாவுக்கு இரண்டாவது வாய்ப்பு எப்போதும் கிடைக்காது. இரண்டு பக்கமும் முடிவு வரை ஓடட்டும். பாட்டு முடிந்து வெறுமையாகப் போகிற இடத்தில்கூட வீட்டுப் பேச்சு பதிவாகியிருக்கும்.

கைபேசியை ரீசெட் செய்யக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. சிம் எண்ணை உடனே ரத்து செய்யாதீர்கள். எண் வேறொருவருக்குப் போய்விட்டால் ஓடிபி வழியாகத் திறக்க வேண்டிய கணக்குகள் எல்லாம் கையை விட்டுப் போகும். குரல் செய்திகள், படங்கள், தொடர்புப் பட்டியல் மூன்றையும் கணினிக்கு நகலெடுங்கள். தொடர்புப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் "கடப்பாரை", "மேட்டுக்காடு" என்று அவர் போட்டு வைத்திருக்கும் அடையாளங்களே வாடிக்கையாளர் பட்டியல்.

எல்லாக் கோப்புக்கும் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு வீட்டில். நான்கு பிள்ளைகள் இருப்பதால் ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொண்டாலும் சரி, ஆண்டுக்கு ஒரு தடவை திறந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவு 16 | உலைமுகம்

காலி செய்கிற அன்னைக்கு ஒன்று. பட்டடை பதித்த மரக்கட்டையை விறகுக்குப் போட்டுடாதீங்க. பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளே இருக்கும், சுற்றிலும் தோண்டித்தான் எடுக்கணும். கட்டையைச் சுற்றி அரை அடி ஆழத்துக்கு மண்ணைச் சலிச்சுப் பாருங்க. ஆணி, பூண், உடைந்த உளிமுனை, தவறி விழுந்த நாணயம் எல்லாம் அங்கே இருக்கும். சலிக்கிறதுக்கு முன்னாடி கந்தல் துணியில் கட்டிய காந்தத்தை மண்மேல் இழுத்தால், அடிக்கும்போது உதிர்ந்த செதில் முழுக்க ஒட்டிக்கிட்டு வரும். அதில் ஒரு கைப்பிடியைச் சின்ன பாட்டிலில் போட்டு எண் கட்டி வையுங்க.